கிளிநொச்சி: நகரமா, நெடுஞ்சாலையா?

கிளிநொச்சி வளர்ந்துவிட்டது என்னும் கூற்று இன்று ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. அமைச்சர்கள் திறப்பு விழாக்களில் அதனைக் கூறுகின்றனர். வங்கி முகாமையாளர்கள் கூறுகின்றனர். பல்லாண்டுகளின் பின் வெளிநாட்டிலிருந்து வந்து, யாழ்ப்பாணம் செல்லும் வழியில் தேநீருக்காக அரைமணி நேரம் இறங்கி நிற்பவரும் கூறுகின்றனர். சான்றுகளுக்கும் குறைவில்லை. ஏ9 வீதி அகலிக்கப்பட்டிருக்கின்றது. அதன் இருமருங்கிலும் வங்கிகள், குத்தகைக் கடன் நிறுவனங்கள், மோட்டார்ச் சைக்கிள் விற்பனை நிலையங்கள் ஆகியன கண்ணாடி முகப்புகளோடு எழுந்து நிற்கின்றன. 1990 யூன் மாதத்தில் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சி நிலையத்துக்கு வந்தது. இவற்றை யாரும் மறுக்கவில்லை.

இதற்கு எதிராக இன்னொரு கூற்றும் வழங்குகின்றது. 2002க்குப் பிந்திய சில ஆண்டுகளில் இருந்த கிளிநொச்சியே கிளிநொச்சி. இன்று நிற்பது அதன் வெறுங்கூடு என்று இரங்குவோர் உளர். முன்னவரும் பின்னவரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுகின்றனர். ஆயினும் இருவரும் இந்நகரைப் பார்க்கும் இடம் ஒன்றே. இருவரும் பேருந்தின் சாளரத்தினூடாகவே பார்க்கின்றனர். வீதியோரம் எந்தக் கட்டடம் நிற்கின்றது, எந்தப் பலகை தொங்குகின்றது என்பதே இருதரப்பினருக்கும் அளவுகோல். வீதிக்குப் பின்னால், வாய்க்கால்களை அண்டி வாழும் மக்களுக்கு இந்நகர மையம் எக்காலத்திலேனும் சொந்தமாக இருந்ததுண்டா என்னும் வினாவை இருவருமே எழுப்புவதில்லை. எழுப்பப்படவேண்டிய முதல் வினா அதுவே.

ஊர்ப்பெயர்கள் சில வேளைகளில் ஆவணங்களிலும் கூடுதலாகப் பேசும். கிளியும் நொச்சியும் சேர்ந்து ஆகிய பெயர் காட்டின் பெயர். வடக்கே கரடிப்போக்குச் சந்தி. அதுவும் காட்டின் பெயரே. ஆனால் ‘155ஆம் கட்டை’ என்பது வீதியின் பெயர். ஒரு மைல்கல் ஒரு குடியிருப்புக்குப் பெயராகின்றது. டிப்போச் சந்தி என்பது பேருந்துச் சாலையை வைத்து எழுந்த பெயர். காட்டுக்கும் வீதிக்கும் இடையில் ஊரவர் தாமே இட்ட நகரப்பெயர் ஒன்றைத் தேடினால் எளிதிற் கிடைப்பதில்லை. இது தற்செயலன்று. கண்டி–யாழ்ப்பாண வீதி முன்னரே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபகுதிப் புகையிரதப் பாதை வந்தது. அதே காலப்பகுதியில், கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளத்தைக் கட்டும் வேலையும் தொடங்கப்பட்டது. இவை யாவும் அமைந்த பின்னரே மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை அடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கோடு 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. பிற இடங்களில் மக்கள் வாழ்ந்து, கூடி, பண்டம் மாற்றி, அதன் விளைவாக நகரம் தோன்றும். இங்கே வீதியும் புகையிரத நிலையமும் முன்னே நின்றன. மக்கள் பின்னே வந்து வாய்க்கால் வழியே வரிசையாக இருத்தப்பட்டனர்.

அவர்கள் பெற்ற காணியின் தன்மையையும் இங்கு நோக்குதல் வேண்டும். அது உறுதிக்காணி அன்று, அனுமதிப்பத்திரக் காணி. விரும்பியவாறு விற்கவோ பிரிக்கவோ இயலாது. அடுத்த உரிமையாளர் யாவர் என்பதிலும் சட்டம் தலையிட்டது. நெல் விளைவித்தவன் நிலத்தின் மீது கொண்டிருந்த உரிமை இவ்வளவே. நகரின் முகப்பில் கடை வைத்தவனோ பெரும்பாலும் குடாநாட்டு வணிகன்; அவனுடைய வீடும் உறுதியும் சேமிப்பும் யாழ்ப்பாணத்தில் இருந்தன. கிளிநொச்சியில் ஈட்டிய இலாபம் மாலைப் புகையிரதத்தில் ஆனையிறவைத் தாண்டிச் சென்றது எனின் அது பெரும்பாலும் மிகையாகாது.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலமே இந்நகர மையம் தன் காலில் நிற்கக் கூடியதாக இருந்த ஒரே காலம் எனலாம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் வரலாறு காணாத விலை கிடைத்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீரிறைத்துத் தோட்டஞ் செய்தனர். வடக்கே பரந்தனில் 1950களில் தொடங்கப்பட்ட இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிக்கொண்டிருந்தது. உப்பு, நெல், மிளகாய், ஒரு தொழிற்சாலை, ஒரு புகையிரத நிலையம் என ஒரு நகரத்துக்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் சில மைல்களுக்குள் இருந்தன. ஆயினும் அவற்றை ஒருங்கிணைக்கும் நகர அதிகாரம் இருக்கவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரம் மிளகாய்க்காரனின் சந்தையை உடைத்தது. பின்வந்த போரில் தொழிற்சாலை நின்றது.

இவ்விடத்தில், அப்பொற்காலத்தைப் பாடுவோர் வழமையாக மறைத்துவிடும் செய்தியொன்றைக் கூறியே ஆகவேண்டும். அந்த மிளகாயைப் பறித்த கைகள் யாருடையவை? 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களால் மலையகத்தையும் தென்னிலங்கையையும் விட்டு ஓடிவந்த மலையகத் தமிழருடையவை. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் ஆகிய குடியிருப்புகள் அவர்களால் ஆனவை. அவர்களுட் பலருக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை; காடு வெட்டிய இடத்தில் குடிசை, பிறர் வயலிற் கூலி. நகரத்தின் கடைத்தெருவில் அவர்கள் வாங்குவோராகவும் சுமை தூக்குவோராகவும் தோன்றினர், முடிவெடுப்போராகத் தோன்றவில்லை. கிளிநொச்சி நகர மையத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவர்களை அடிக்குறிப்பிலேனும் சேர்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தவர் வன்னியை நோக்கிய பார்வைக்கும் கொழும்பு யாழ்ப்பாணத்தை நோக்கிய பார்வைக்கும் இடையே சிலர் விரும்பும் அளவுக்கு வேறுபாடு இருந்ததில்லை.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. கச்சேரி வந்தது, திணைக்களங்கள் வந்தன. ‘மாவட்டத் தலைநகர்’ என்னும் பட்டமும் வந்தது. அவ்வாறு கிடைத்த தகுதி வரைபடத்தில் மை உலருமுன்னரே போருக்குள் அமிழ்ந்தது. 1996 செப்டெம்பரில் அரச படைகள் நகரைக் கைப்பற்றின. 1998 செப்டெம்பரில் விடுதலைப் புலிகள் அதனை மீட்டனர். இவ்விரு செப்டெம்பர்களுக்கும் இடையில் நகர மையம் என்று சொல்லத்தக்க கூரையொன்று எஞ்சவில்லை.

ஆனால் அவ்வாண்டுகளில் நகரம் அழிந்துபோயிற்றா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. அது இடம்பெயர்ந்தது. ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் ஓலைக் கொட்டில்களில் கடைகள் எழுந்தன. மிதிவண்டி திருத்துபவரும் மருந்துக்கடைக்காரரும் தையற்காரரும் ஆசிரியரும் அங்கே கூடினர். மரத்தடிகளில் பள்ளிக்கூடங்கள் நடந்தன. பொருளாதாரத் தடையின் கீழ், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிருந்த காலத்தில், நெடுஞ்சாலையும் புகையிரதமும் கண்ணாடி முகப்புமின்றி ஒரு கடைத்தெரு தன்னைத்தானே ஆக்கிக்கொண்டது. அக்கொட்டில்களை வளர்ச்சி என்று யாரும் அழைக்கவில்லை. துன்பத்தின் விளைவாகிய அவற்றைப் போற்றவும் வேண்டியதில்லை. எனினும் நகர மையத்தை ஆக்குவது மக்களின் தேவையும் கூட்டமுமே, வீதியன்று என்னும் உண்மைக்கு வன்னியில் அதனினும் வலிய சான்று இல்லை. வீதி திறந்ததும் அக்கடைகள் ஏ9இற்கே மீண்டன.

வீதி திறந்த ஆண்டு 2002. போர்நிறுத்தத்தின் பின் கிளிநொச்சி உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் புலிகளின் தலைவர் நடத்திய பத்திரிகையாளர் மாநாட்டுக்குப் பல நாட்டுச் செய்தியாளர் வந்தனர். சமாதானச் செயலகம், நீதிமன்றம், காவற்றுறைத் தலைமையகம், தமிழீழ வைப்பகம் ஆகியன நகரில் இயங்கின. இக்காலத்தை நினைந்து ஏங்குவோரின் உணர்வை எள்ளுதல் தகாது. இடிபாட்டிலிருந்து ஒரு நகரம் நான்காண்டுகளில் எழுந்தது சிறு செயலன்று. ஆயினும் அந்நகரும் எவருக்கு முகங்காட்டி எழுந்தது? தூதுவர்க்கும் செய்தியாளர்க்கும் கண்காணிப்பாளர்க்கும் காட்டப்படவேண்டிய தலைநகராக அது அமைந்தது. எங்கே எது கட்டப்படவேண்டும் என்று உருத்திரபுரத்து விவசாயியோ பாரதிபுரத்துக் கூலியாளோ வாக்களித்துத் தீர்மானிக்கவில்லை. கட்டியவர் நம்மவர் என்பதனால் இக்குறை இல்லாமற் போய்விடாது.

2006 ஓகஸ்டில் முகமாலையிற் பாதை மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் நாள் படைகள் நகருட் புகுந்தபோது அங்கே மக்கள் இல்லை. அவர்கள் கிழக்கு நோக்கி, முள்ளிவாய்க்காலில் முடியவிருந்த பாதையிற் சென்றுகொண்டிருந்தனர். எஞ்சியோர் செட்டிகுளம் முகாம்களிலிருந்து மீண்டு வருமுன்னரே நகர மையம் வேறொருவர் கையால் ஒழுங்குபடுத்தப்பட்டுவிட்டது. வீதியோரத்தில் வெற்றிச் சின்னம் எழுந்தது: பீரங்கிக் குண்டு துளைத்துப் பிளந்த ஒரு சீமெந்துக் கனசதுரம், அதன் உச்சியில் ஒரு தாமரை. சரிந்து கிடந்த நீர்த்தாங்கி வேலியிடப்பட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப் பொருளாயிற்று. அருகே நினைவுப் பொருள் விற்கும் கடையும் வந்தது. தெற்கிலிருந்து வந்த பயணிகள் அதன்முன் நின்று படம் பிடித்தனர். அந்தத் தாங்கியிலிருந்து நீர் பெற்ற வீட்டார் அவ்வாண்டுகளில் குடத்தோடு கிணறு தேடினர். உடைந்த தாங்கியைப் பேணுதற்குக் காட்டிய விரைவு புதிய தாங்கியைக் கட்டுவதிற் காட்டப்படவில்லை என்பது வெளிப்படை.

பின்னர் வங்கிகள் வந்தன; அவற்றினும் விரைவாகக் கடன் நிறுவனங்கள் வந்தன. வளர்ச்சியின் அடையாளமாகச் சுட்டப்படும் கண்ணாடி முகப்புகளிற் பல இவற்றினுடையவையே. போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பெருந்தொகையினராக வாழும் மாவட்டம் இது. அவர்கள் வாசலுக்கு நுண்கடன் முகவர் வாரந்தோறும் வந்தனர். நிலைமை எவ்வளவு முற்றியதெனின், 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்கள் சிலவற்றை நீக்கவேண்டி நேர்ந்தது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் அப்பட்டியலில் இருந்தன. ஒரு கடைத்தெருவில் விளைபொருளை வாங்குவோரினும் கடன் கொடுப்போர் மிகுந்து நின்றால் அதனை வளர்ச்சி என்பதா, அறுவடை என்பதா? அறுவடை எனின், அறுக்கப்படுவது எது?

2016 செப்டெம்பரில் ஓரிரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் தீப்பற்றியது. பல பத்துக் கடைகள் எரிந்தன. புடைவைகளும் பழங்களும் பாத்திரங்களும் விடியுமுன் சாம்பலாயின. மீள்குடியேறியபின் கடன்பட்டு வாங்கிய முதலே அக்கடைகளில் இருந்தது. மாவட்டத் தலைநகராகிய அந்நகரில் அன்று ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது. வெற்றிச் சின்னம் உண்டு, நெடுஞ்சாலை உண்டு, வங்கிகள் உண்டு. தீயை அணைக்க நீர் கொண்டுவரும் வண்டி ஒன்றில்லை. வளர்ச்சி வாய்பாட்டை ஓதுவோர் அந்த ஓர் இரவுக்கு விடை கூறட்டும். 2018 டிசெம்பரில் புனரமைக்கப்பட்ட இரணைமடு விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட, குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. மழை பெய்தது யாருடைய குற்றமுமன்று. ஆனால் வடிகாலை யார் பார்ப்பது, குளக்கரையிற் கட்டடம் எழுவதை யார் தடுப்பது, தாழ்நிலத்தை நிரப்புவதற்கு யார் அனுமதி கொடுப்பது என்னும் வினாக்களுக்கு உரிய நகர அதிகாரி யாவர் என்று தேடினால் அங்கே ஒரு வெற்றிடமே காணப்படுகின்றது.

அவ்வெற்றிடத்துக்குப் பெயர் உண்டு. கிளிநொச்சிக்கு நகரசபை இல்லை. வடமாகாணத்தில் வல்வெட்டித்துறைக்கு நகரசபை உண்டு. பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் மன்னாருக்கும் உண்டு. வவுனியா நகரசபை மாநகரசபையாக உயர்ந்து 2025இல் அதற்கான தேர்தலையும் கண்டது. மாவட்டத் தலைநகர்களுள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மட்டுமே பிரதேச சபையின் கீழ் உள்ளன. கரைச்சிப் பிரதேச சபை, கரைச்சி, கண்டாவளை ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளையும் தழுவி நிற்பது. அக்கராயனின் கிரவல் வீதியும் தருமபுரத்தின் சுடலை வேலியும் கிளிநொச்சிச் சந்தையின் வடிகாலும் ஒரே சபையின் மேசையில் ஒரே வரவு செலவுத் திட்டத்துக்குள் இடம்பிடிக்க முட்டிமோதுகின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் பரந்த கிராமப் பிரதேசங்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. ஒரு தலைநகரின் சந்தையையும் போக்குவரத்தையும் தீயணைப்பையும் அதன் தலையிற் சுமத்திவிட்டு, ‘சபை செயற்படவில்லை’ என்று குறைகூறுவது, வண்டில் மாட்டை லொறியிற் பூட்டிவிட்டு மாட்டை அடிப்பதற்கு ஒப்பாகும்.

நகரசபைக் கோரிக்கைக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுகின்றன. நகரசபை வந்தால் ஆதன வரி உயரும், மீண்டெழும் மக்கள் தாங்கமாட்டார் என்பது ஒன்று. வரி உயரக்கூடும். ஆனால் நெடுஞ்சாலையில் மாடிக் கட்டடம் கட்டிய நிறுவனத்தின் வரியும் பின்தெருக் கொட்டிலின் வரியும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று எச்சட்டமும் விதிக்கவில்லை. வரி ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்தது. இந்த அச்சத்தைப் பரப்புவோர் கொட்டில்காரரா, மாடிக்காரரா என்று பார்த்தல் நன்று. இரண்டாவது மறுப்பு, வவுனியாவுக்கு நகரசபை பல்லாண்டு இருந்தும் அங்கே என்ன கண்டீர் என்பது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. 2016இல் மொத்த விற்பனைக்கான பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று அரசியலாளர் மாதக்கணக்கில் வாதாடினர். முடிவில் இரண்டுமல்லாத ஓரிடத்தில் எழுந்த கட்டடம் ஆண்டுக்கணக்கில் வணிகமின்றிக் கிடந்தது. ஆனால் அத்தகராறு அமைச்சருக்கும் மாகாண முதலமைச்சருக்கும் இடையே நிகழ்ந்தது. அங்கே நகரசபையின் குரல் கேட்கப்படவில்லை. ஆகவே அது நகரசபைக்கு எதிரான சான்றன்று. நகரசபைக்கு அதிகாரம் போதாது என்பதற்கே சான்று.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. நகரைப் பிரித்தெடுத்தால் சந்தை வாடகையும் வரியும் நகரோடு போய்விடும். எஞ்சிய கிராமங்கள் வறியனவாகும் என்பது. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நகரத்தை வாழவைப்பது அக்கிராமங்களின் நெல்லே. எனவே புதிய சபையின் எல்லை நெடுஞ்சாலைக் கடைகளை மட்டும் வளைத்து நிற்கும் ஒரு பணப்பை போல் அமையலாகாது. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளை உள்ளடக்கவேண்டும். கரைச்சிப் பிரதேச சபை இழக்கும் வருமானத்தை ஈடுசெய்யும் மானியம் ஒரே ஆணையில் உறுதிசெய்யப்படவேண்டும். இவ்விரு நிபந்தனைகளுமின்றி வரும் நகரசபை கடைக்காரர் சங்கமாகவே முடியும். அத்தகைய சபையை எதிர்ப்பதே முறை.

அதிகாரம் அற்றிருந்தும் மக்கள் இந்நகர மையத்தில் தமக்கென ஓரிடத்தை எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் நாள், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால், ஏ9 வீதியோரத்தில், படங்களை ஏந்தி அமர்ந்தனர். நாட்கணக்கில் முடியும் என எண்ணப்பட்ட அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளையின் முகத்தைக் காணாமலே இறந்துபோன தாய்மார் பலர். அதற்கு முந்திய ஆண்டில் பரவிப்பாஞ்சான் மக்கள், படையினர் வசமிருந்த தம் காணிகளின் வாயிலில் அமர்ந்து போராடி, அவற்றிற் சிலவற்றை மீட்டனர். வீதியால் விரைந்து செல்பவருக்காக அமைந்த ஓர் இடத்தில், போகமாட்டோம் என்று சிலர் இருந்துவிட்டனர். நகர மையத்தின் மாற்றங்களைப் பட்டியலிடும் அறிக்கைகளில் மேம்பாலமும் மின்விளக்கும் இடம்பெறும். அத்தாய்மாரின் பந்தல் இடம்பெறுவதில்லை.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியிலேயே தொடங்கி, போரினாற் குடாநாட்டுக்குப் பெயர்ந்து, 2014இல் அறிவியல்நகருக்கு மீண்டது. பொறியியற் பீடமும் அங்கேயே அமைந்தது. வடிகாலை அளக்கவும் குளக்கரையின் எல்லையை வரையவும் சந்தையின் தீத்தடுப்பை வகுக்கவும் வல்ல அறிவு நகரின் வாயிலிலேயே இருக்கின்றது. ஆயினும் மாணவர் பேருந்தில் ஏறி வார இறுதியில் யாழ்ப்பாணம் போகின்றனர்; விரிவுரையாளரும் போகின்றனர். அன்று மாலைப் புகையிரதத்தில் ஆனையிறவைத் தாண்டியது வணிகனின் பணம். 2025 மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தலிற் கிளிநொச்சி நகர மக்கள் மீண்டும் பிரதேச சபைக்கே வாக்களித்தனர். அடுத்த தேர்தலுக்கு முன் நகரசபையின் எல்லை வரையப்படவேண்டும்; அவ்வரைபடத்தைக் கொழும்பிலிருந்து வரும் அலுவலர் நெடுஞ்சாலையில் நின்று வரையுமுன், வாய்க்கால் வாய்க்காலாக நடந்து அளந்த வரைபடம் ஒன்று கரைச்சிச் சபையின் மேசைக்குச் செல்லவேண்டும்.